நெகட்டிவ் ஸ்கேன் செய்ய பிளாட்பெட்டா, தனி பிலிம் ஸ்கேனரா? சேலத்துக்காரர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

சேலத்திலும் ஏற்காட்டிலும் இருந்து நெகட்டிவ் கட்டோடு என்னிடம் வருகிறவர்கள் கேட்பது கிட்டத்தட்ட ஒரே கேள்விகளைத்தான். ஒவ்வொருவருக்கும் போனில் சொல்லி மாளவில்லை, அதனால் எழுதி வைத்துவிட்டேன். என் மேசையில் இருப்பது எப்சன் வி600 என்ற பிளாட்பெட்டும் (ஜெராக்ஸ் மெஷின் மாதிரி கண்ணாடிமேல் வைத்து ஸ்கேன் செய்வது), பிளஸ்டெக் 8200ஐ என்ற 35 எம்எம் பிலிம் ஸ்கேனரும். மற்ற மாடல்களைப் பற்றிச் சொல்வதெல்லாம், அளந்து பார்த்தவர்கள் வெளியிட்ட எண்களை வைத்து.

அண்ணா, சுத்தி வளைக்காம சொல்லுங்க, எதை வாங்கறது?

பெட்டியில் இருப்பது பெரும்பாலும் 35 எம்எம் என்றால் பிலிம் ஸ்கேனர். 120 ரோல், கண்ணாடி நெகட்டிவ், ஆல்பத்துப் போட்டோ எல்லாம் கலந்து கிடந்தால் பிளாட்பெட். இரண்டும் சம அளவில் இருந்தால் பிளாட்பெட் வாங்கி எல்லாவற்றையும் முடித்துவிட்டு, நல்லதாகத் தேறும் 35 எம்எம் படங்களை மட்டும் வேறு எங்காவது கொடுத்துச் செய்துகொள்ளுங்கள். பிராண்டு பற்றிய யோசனை அதற்கு அப்புறம். பீரோவைத் திறந்து பார்க்காமலே ஸ்கேனர் வாங்க வருகிறவர்கள்தான் அதிகம்.

வீட்டில் இருப்பது எந்த அளவு பிலிம் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

ஓரத்தில் இரண்டு பக்கமும் வரிசையாகச் சதுர ஓட்டை இருந்தால் 35 எம்எம், படம் 24க்கு 36 மில்லிமீட்டர். ஓட்டையே இல்லாமல், அகலம் ஆறு சென்டிமீட்டர் பக்கம் இருந்தால் 120. நம் ஊர் ஸ்டுடியோக்காரர்கள் யாஷிகா மாதிரி மேலிருந்து குனிந்து பார்க்கும் கேமராவில் எடுத்த கல்யாணப் படங்கள் இந்த ரகம்தான், சதுரமாக இருக்கும். அக்ஃபா கிளிக் 3 கேமரா இருந்த வீடுகளிலும் இதே சதுர நெகட்டிவ்தான் கிடைக்கும். இதைவிடப் பெரிதாக, தனித்தனி ஷீட்டாகவோ கண்ணாடியாகவோ இருந்தால் கீழே உள்ள பதில்களில் பாதி உங்களுக்குப் பொருந்தாது. வி600 மூடியில் இருக்கும் விளக்குப் பட்டை 2.7 அங்குல அகலத்துக்குத்தான் வெளிச்சம் தரும், அதில் பெரிய கண்ணாடி அடங்காது. எப்சனின் வி850 மாதிரி 8க்கு 10 அங்குலம் முழுக்க வெளிச்சம் தரும் பிளாட்பெட்தான் வேண்டும். தனி பிலிம் ஸ்கேனர் என்ற பேச்சுக்கே இடமில்லை.

பிளாட்பெட் பெட்டியில் 6400 டிபிஐ என்று போட்டிருக்கிறதே, நிக்கான் பிலிம் ஸ்கேனரில் 4000தானே? அப்போது பிளாட்பெட்தானே மேல்?

இந்தக் கேள்விக்காகத்தான் இந்தப் பக்கமே. பெட்டியில் எழுதியிருப்பது, சென்சார் ஓர் அங்குலத்துக்கு எத்தனை புள்ளி எடுக்கிறது என்பதை. அந்தப் புள்ளிகளில் எத்தனை புது விவரத்தைக் கொண்டுவருகின்றன என்பது லென்ஸையும், போகஸையும், தலைப்பகுதியை நகர்த்தும் மோட்டாரின் துல்லியத்தையும் பொறுத்தது. இதை அளக்க, யுஎஸ்ஏஎஃப் 1951 என்று ஒரு கோட்டுப் படம் இருக்கிறது. வரவரச் சிறிதாகிக்கொண்டே போகும் கோடுகள், எந்த இடத்தில் இரண்டு கோடு ஒன்றாகக் குழம்புகிறதோ அதுதான் அந்த ஸ்கேனரின் நிஜ எல்லை.

அப்படி அளந்தால் வி600-ன் 6400 என்பது 1500-க்கும் 1600-க்கும் நடுவே வந்து நிற்கிறது. வி850 அதைவிடப் பரவாயில்லை, 2300-லிருந்து 2600. பிளஸ்டெக் 8100, 8200ஐ வகையறா 7200 என்று சொல்லிக்கொண்டாலும் நிஜத்தில் 3200-க்கு மேலே ஏதோ ஒரு இடம். நிக்கான் கூல்ஸ்கேன் 5000 மட்டும் 4000 என்று சொல்லி 3900 பக்கம் தருகிறது. வாக்குத் தவறாதது அது ஒன்றுதான், அதைத்தான் நிறுத்திவிட்டார்கள்!

இதை 35 எம்எம் பிரேமில் வைத்துக் கணக்குப் போடுங்கள். வி600-ல் 6400 வைத்து ஸ்கேன் செய்தால் 55 மெகாபிக்சல் கோப்பு வரும், உள்ளே இருக்கும் விவரம் 3 மெகாபிக்சல் சொச்சம்தான். ஒரு லிட்டர் பாலில் தண்ணீர் ஊற்றிக் குடத்தை நிரப்பிய கதை. பிளஸ்டெக்கில் அதே பிரேமிலிருந்து 13 மெகாபிக்சலுக்குக் குறையாமல் நிஜ விவரம் கிடைக்கும். அதனால் வி600-ல் 2400 அல்லது 3200 வைத்தால் போதும், அதற்கு மேல் வைப்பது ஹார்டு டிஸ்க்கை நிரப்பத்தான்.

அப்படியானால் பிளாட்பெட் தண்டமா?

இல்லவே இல்லை. வி600-ன் நிஜ எல்லையை 1550 என்று வைத்து 120 நெகட்டிவுக்குப் போட்டுப் பாருங்கள். 56 மில்லிமீட்டர் சதுரத்தில் 11 மெகாபிக்சலுக்கு மேல் வருகிறது. பழைய ஸ்டுடியோ சதுர நெகட்டிவை வி600-ல் ஸ்கேன் செய்து 12க்கு 12 பிரிண்ட் போட்டவர்கள் யாரும் குறை சொல்லி நான் கேட்டதில்லை. புடவையின் ஜரிகைக் கட்டம் தனித்தனியாகத் தெரியும். பிலிம் பெரிதாக இருந்தால் ஸ்கேனரின் பலவீனம் மறைந்துவிடும்.

எனக்குப் பெரிய பிரிண்ட் எல்லாம் வேண்டாம், வாட்ஸ்அப்பில் குடும்பத்துக்கு அனுப்பத்தான்.

4க்கு 6 பிரிண்டுக்கு 2.2 மெகாபிக்சல் போதும், போன் திரைக்கு அதுவும் வேண்டாம். பிளாட்பெட் வாங்கிக்கொண்டு நிம்மதியாக இருங்கள். 12க்கு 8 பிரேம் போட்டு மாட்ட வேண்டும் என்றால் எட்டரை மெகாபிக்சல் தேவை, அப்போது 35 எம்எம் பிலிமை வி600-ல் வைத்தால் முகம் மெழுகுபோல வழவழவென்று ஆகிவிடும்.

டிஜிட்டல் ஐஸ் என்கிறார்களே, அது அவசியமா?

கலர் நெகட்டிவ் என்றால் அதுதான் உங்கள் ஆயுளைக் காப்பாற்றப் போகிறது. ஸ்கேனர் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று எடுப்பதோடு, கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியில் நாலாவதாக ஒன்றையும் எடுக்கிறது. கலர் பிலிமின் சாயங்கள் அந்த ஒளியை அப்படியே விட்டுவிடும். தூசி, முடி, ஆழமான கீறல் மட்டும் தடுக்கும். ஆக, நாலாவது படத்தில் தெரிவது அழுக்கு மட்டும். அந்த இடங்களை அக்கம்பக்கத்து நிறத்தை வைத்து மென்பொருள் நிரப்பிவிடுகிறது. தொண்ணூறுகளின் கல்யாண ரோல்கள் பிளாஸ்டிக் கவரில் ஒன்றோடொன்று உரசிக் கிடந்திருக்கும். இது இல்லாமல் ஒரு ரோலைக் கையால் சுத்தம் செய்ய உட்கார்ந்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்விடும்.

ஆனால் கறுப்பு வெள்ளைக்கு இது வேலை செய்யாது. அங்கே படமே வெள்ளித் துகள்தான், வெள்ளி அகச்சிவப்பையும் தடுக்கும், ஸ்கேனர் அப்பாவின் மீசையையே அழுக்கு என்று நினைத்து அழித்துவிடும். ஊட்டியில் 1960-ல் தொடங்கிய இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸின் இந்து பிலிமானாலும் சரி, கிழக்கு ஜெர்மனியிலிருந்து வந்த ஆர்வோ ஆனாலும் சரி, இதே கதைதான். இல்ஃபோர்டு எக்ஸ்பி2 போல, கலர் முறையில் கழுவும் கறுப்பு வெள்ளை மட்டும் விதிவிலக்கு. 2009-ல் கோடக் நிறுத்திய கோடக்குரோம் ஸ்லைடுகளிலும் (ஸ்லைடு என்பது நிறம் தலைகீழாகாமல், படம் நேராகவே தெரியும் பிலிம்) ஐஸ் ஒழுங்காக ஓடாது.

இதனால் வாங்கும்போது ஒரு லாபம் உண்டு. பிளஸ்டெக் 8100-க்கும் 8200ஐ-க்கும் முக்கிய வித்தியாசமே அந்த அகச்சிவப்புதான். வீட்டில் இருப்பது முழுக்கக் கறுப்பு வெள்ளை என்றால் 8200ஐ-க்குக் கூடுதல் பணம் கொடுப்பது வீண்.

கீறல் விழுந்த கறுப்பு வெள்ளைக்கு எது நல்லது?

இங்கே பிளாட்பெட் பக்கம் ஒரு நியாயம் இருக்கிறது. கூல்ஸ்கேன் போன்றவற்றின் எல்இடி ஒளி கூர்மையாக நேரே பாய்வதால் சின்னக் கீறல்கூட வெள்ளைக் கம்பி போல எழுந்து நிற்கும். பிளாட்பெட்டின் ஒளி பரவலானது, கூர்மை குறைந்தாலும் கீறலும் அமுங்கிப் போகும். தாத்தா காலத்துத் தேய்ந்த நெகட்டிவுக்கு நான் முதலில் போடுவது பிளாட்பெட்டில்தான்.

ஏற்காடு எஸ்டேட் வீட்டில் பெட்டி பெட்டியாக ஸ்லைடு இருக்கிறது. எதில் செய்வது?

ஸ்லைடு என்றால் தனி ஸ்கேனர்தான், யோசிக்க வேண்டாம். நெகட்டிவின் அடர்த்தி ஒரு எல்லைக்குள் இருக்கும், எந்த ஸ்கேனரும் ஓரளவு சமாளித்துவிடும். ஸ்லைடில் நிழல் நிஜமாகவே கறுப்பு. சில்வர் ஓக் மரத்தடியில் மிளகுக் கொடி ஏறியிருக்க, அதற்குக் கீழே காப்பிச் செடி, பின்னால் வெள்ளையாகப் பனிமூட்டம் என்று எடுத்த ஸ்லைடை வைத்துப் பாருங்கள். வி600-ல் பனிக்கு எக்ஸ்போஷர் சரியாக வைத்தால் காப்பிச் செடி இருந்த இடம் புள்ளி புள்ளியாக நாய்ஸ் நிறைந்த கரும்பச்சைச் சேறு. பிளஸ்டெக்கில் மல்டி எக்ஸ்போஷர் போட்டு, அதாவது எக்ஸ்போஷரை மாற்றி இரண்டு முறை ஓடவிட்டு ஒன்றாகச் சேர்த்தால், இலை இலையாகப் பிரியும். கூல்ஸ்கேன் 5000-க்கு ஸ்லைடுகளை அடுக்கிவைத்து ஒவ்வொன்றாக உள்ளே இழுக்கும் தனி ஃபீடர் உண்டு, ஆயிரக்கணக்கில் ஸ்லைடு இருப்பவர்கள் அதைத் தேடி அலைவதில் அர்த்தம் இருக்கிறது.

அதே பெட்டியில் வெள்ளையாகக் கிளை விட்டது போல ஏதோ படர்ந்திருக்கிறது. ஸ்கேன் செய்யலாமா?

பூஞ்சணம். 1500 மீட்டர் உயரம், வருஷத்தில் பாதி நாள் ஜன்னலுக்குள் மேகம், பிலிமின் மேல் பூசியிருப்பதோ ஜெலட்டின், அதாவது பூஞ்சணத்துக்குச் சாப்பாடு. ஏற்காட்டிலிருந்து வரும் பெட்டிகளில் இது இல்லாததைப் பார்ப்பதுதான் அபூர்வம். தயவுசெய்து தண்ணீரில் கழுவாதீர்கள். பூஞ்சணம் தின்ற ஜெலட்டின் தண்ணீரில் கரையும், படம் வாஷ்பேசினோடு போய்விடும். 99 சதவீத ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலைப் பஞ்சில் தொட்டு, முக்கியமில்லாத ஒரு பிரேமில் முதலில் துடைத்துப் பாருங்கள். மருந்துக்கடையில் கிடைக்கும் 70 சதவீதத்தில் மீதி தண்ணீர், அது வேண்டாம். கை கழுவும் சானிடைசர் கூடவே கூடாது.

மேலே இருப்பது போய்விடும், உள்ளே இறங்கிய வேர்த் தடம் போகாது. கலர் என்றால் ஐஸ் கொஞ்சம் மறைக்கும், மற்றபடி கையால் ரீடச் செய்வதுதான். பாதிக்கப்பட்டவற்றைத் தனி டப்பாவில் சிலிகா ஜெல்லோடு வையுங்கள்.

திறந்ததும் வினிகர் வாடை அடித்தால் அது வேறு நோய். பிலிமின் அடித்தளமான அசிடேட்டே சிதைகிறது. அதைத் திரும்பச் சரிசெய்ய முடியாது, அந்தக் கட்டை முதலில் ஸ்கேன் செய்துவிடுங்கள், மற்ற வேலையெல்லாம் பிறகு.

எது வேகமாக முடியும்?

வி600 தாங்கியில் 12 பிரேம் வைத்துவிட்டுச் சமையலறைக்குப் போகலாம், ஐஸ் போட்டால் குளித்துவிட்டும் வரலாம். பிளஸ்டெக் தாங்கியில் ஆறு பிரேம்தான், அதையும் ஒவ்வொரு பிரேமுக்கும் கையால் 'டக்'கென்று அடுத்த பல்லுக்குத் தள்ள வேண்டும். மோட்டார் கிடையாது. பக்கத்திலேயே உட்கார்ந்திருக்க வேண்டும், இதைத் தெரியாமல் வாங்கி ஒரே வாரத்தில் விற்றவர்கள் உண்டு. நான் ஒரு பக்கம் வேறு வேலை பார்த்துக்கொண்டே தள்ளுவேன், பழகிவிட்டது.

எப்படியும் எல்லாவற்றையும் முழுத் தரத்தில் ஸ்கேன் செய்ய நினைக்காதீர்கள். ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, ஏற்காடு ஏரியில் ஒரே படகை ஆறு தடவை எடுத்ததில் கண் திறந்திருப்பதை மட்டும் எடுங்கள்.

பிளாட்பெட்டில் படம் மங்கலாகவே வருகிறது, எங்கே சரிசெய்வது?

வி600-க்குத் தானாகப் போகஸ் செய்யத் தெரியாது. கண்ணாடியிலிருந்து ஒரு குறிப்பிட்ட உயரத்தில்தான் அதன் லென்ஸ் தெளிவாகப் பார்க்கும், பிலிம் அதற்கு மேலோ கீழோ இருந்தால் மங்கல். தாங்கியின் நாலு மூலையிலும் பழைய விசிட்டிங் கார்டைச் சின்னத் துண்டாக வெட்டி ஒட்டி, ஒன்று, இரண்டு, மூன்று அடுக்கு என்று மாற்றி ஒரே பிரேமை ஸ்கேன் செய்து ஒப்பிடுங்கள். வி850 தாங்கியில் உயரத்தை மாற்ற வசதி இருக்கிறது. பிலிம் சுருண்டிருந்தால் நடுப்பகுதி மட்டும் மேலே எழும்பும், கவரில் போட்டுத் தடிமனான புத்தகங்களுக்கு அடியில் சில நாள் வைத்தால் படியும். பிலிமை நேரே ஸ்கேனர் கண்ணாடிமேல் படுக்க வைத்தால் எண்ணெய்ப் படலம் மாதிரி வானவில் வளையம் விழும், நியூட்டன் வளையம் என்பார்கள், அதற்கென்று சொரசொரப்பான தனிக் கண்ணாடி விற்கிறது.

இன்னொன்று, பளபளப்பான பக்கம் கீழே. மேலிருந்து பார்த்தால் ஓரத்து எழுத்து இடவலம் மாறிய கண்ணாடிப் பிம்பமாகத் தெரிந்தால் சரியாக வைத்திருக்கிறீர்கள்.

அம்மாபேட்டையில் வீட்டிலேயே தறி ஓடுகிறது. ஏதாவது பிரச்சினை வருமா?

வரும். ஸ்கேனர் தலை மயிரிழை மயிரிழையாக நகரும்போது தரை அதிர்ந்தால், நேர்கோடுகள் மெல்லிய ரம்பம் போல வரும். பிலிம் ஸ்கேனரில் இது இன்னும் நன்றாகவே தெரியும், ஏனென்றால் அது பார்ப்பதே அவ்வளவு நுணுக்கமாக. பஞ்சுத் தூசி வேறு. தறி நிற்கும் நேரத்தில், மாடியில், சுவரோரம் கனமான மேசைமேல் வைத்துச் செய்யுங்கள். ஃபேனையும் அணைக்கத்தான் வேண்டும், சேலத்து ஏப்ரலில் அதை யாரிடமும் சொல்லத் தைரியம் வராது, விடியற்காலையில் முடித்துக்கொள்ளுங்கள். மாதாந்திரப் பராமரிப்புக்குக் கரண்ட் போகும் நாளைப் பார்த்துவைப்பதும் நல்லது.

பழைய கூல்ஸ்கேன் ஒன்று விலைக்கு வருகிறது. வாங்கலாமா?

படத் தரத்துக்காக என்றால் தாராளமாக. பராமரிப்புக்காக என்றால் யோசியுங்கள். நிக்கான் இந்த வியாபாரத்தை விட்டு வெகுகாலம் ஆகிறது, உதிரிபாகம் என்பது இன்னொரு செத்த கூல்ஸ்கேனின் வயிற்றிலிருந்துதான். நிக்கானின் சொந்த மென்பொருள் இன்றைய விண்டோஸுக்கு எழுதியதல்ல, ஆனால் வியூஸ்கேன் என்ற மென்பொருள் இவற்றை இன்னும் ஓட்டுகிறது. 8000, 9000 மாடல்கள் 120-ஐயும் எடுக்கும், ஆனால் ஃபயர்வயர் இணைப்பு கேட்கும், உங்கள் லேப்டாப்பில் அது இருக்காது.

விற்பவரிடம் ஒரு சோதனை கேளுங்கள். பளிச்சென்ற வானமும் அதை ஒட்டிக் கறுத்த மலையும் இருக்கும் ஸ்லைடு ஒன்றை ஸ்கேன் செய்து அனுப்பச் சொல்லுங்கள். வானத்தின் வெளிச்சம் மலைமேல் புகை மாதிரி கசிந்திருந்தால் உள்ளே ஒளியைத் திருப்பிவிடும் கண்ணாடியில் தூசி படிந்திருக்கிறது. சுத்தம் செய்யலாம், ஆனால் பிரிக்கத் தெரிந்தவர் வேண்டும், விலையைக் குறைத்துப் பேசுங்கள்.

ஆன்லைனில் சின்ன டப்பா மாதிரி 22 மெகாபிக்சல் பிலிம் ஸ்கேனர் மலிவாகக் கிடைக்கிறதே?

உள்ளே இருப்பது செல்போன் கேமரா ரகத்துச் சென்சார் ஒன்றும் ஒரு வெள்ளை விளக்கும். வேண்டாம்.

டிஎஸ்எல்ஆர் கேமராவால் எடுத்தால் என்ன?

ஏற்கெனவே கேமரா வைத்திருப்பவர்களுக்கு இது உண்மையிலேயே நல்ல வழி, வேகத்தில் இரண்டு ஸ்கேனரும் கிட்டே வர முடியாது. 24 மெகாபிக்சல் கேமரா, நிஜ அளவுக்கு எடுக்கும் மேக்ரோ லென்ஸ், நிறத்தைச் சரியாகக் காட்டும் எல்இடி பலகை, ஆடாத ஸ்டாண்டு. கேமரா பிலிமுக்கு நேராக இருக்கிறதா என்று பார்க்க, பிலிம் இருக்கும் இடத்தில் முகம் பார்க்கும் சின்னக் கண்ணாடி ஒன்றை வையுங்கள், லென்ஸின் பிம்பம் திரையின் நட்டநடுவில் தெரிந்தால் நேர். ஆனால் அகச்சிவப்பு கிடையாது, தூசியெல்லாம் உங்கள் கைவேலை. கலர் நெகட்டிவின் ஆரஞ்சு நிறத்தைக் கழித்து நிறம் கொண்டுவருவதும் உங்கள் தலையில்தான். கறுப்பு வெள்ளைக்கு நான் இதைத்தான் சிபாரிசு செய்வேன்.

எந்த வடிவத்தில் சேமிப்பது?

பொக்கிஷமான படங்களை 16 பிட் டிஃப் கோப்பாக, மற்றதை நல்ல தர ஜேபெக்காக. ஸ்கேனர் மென்பொருளில் ஷார்ப்பனிங்கை அணைத்துவிடுங்கள், பிறகு போட்டுக்கொள்ளலாம். 4000 டிபிஐ-யில் ஒரு 35 எம்எம் பிரேம் 16 பிட் டிஃப்பாக 128 எம்பி பக்கம் வரும் என்பதைத் தெரிந்துகொண்டு இறங்குங்கள்.

பேசாமல் ஸ்டுடியோவில் கொடுத்துவிட்டால்?

சில ரோல்தான் என்றால் அதுவே புத்திசாலித்தனம். பிரேமுக்கு அவர்கள் கேட்கும் தொகையை உங்கள் எண்ணிக்கையால் பெருக்குங்கள், ஸ்கேனர் விலையைத் தாண்டினால் வாங்குங்கள், வேலை முடிந்ததும் விற்றுவிடலாம், நல்ல ஸ்கேனருக்கு மறுவிலை உண்டு. கொடுக்கும் முன் மூன்று விஷயம் கேளுங்கள்: எந்த மெஷின், ஒரு பிரேமுக்கு எத்தனை பிக்சல், நெகட்டிவை வெட்டாமல் திருப்பித் தருவார்களா. கடைசிக் கேள்விக்கு இழுத்தால் வேறு கடை பாருங்கள்.

ஸ்கேன் முடிந்துவிட்டது. நெகட்டிவைத் தூக்கிப் போட்டுவிடலாமா?

கூடாது. நாளை இதைவிட நல்ல ஸ்கேனர் வரும், ஹார்டு டிஸ்க் ஒரு நாள் உயிரை விடும். பழைய மெத்தென்ற பிவிசி கவர்களிலிருந்து எடுத்து, பாலிப்ரொப்பிலீன் கவருக்கோ அமிலமில்லாத காகித உறைக்கோ மாற்றுங்கள். மொட்டை மாடிக்கு நேர் கீழே இருக்கும் அறையின் பரண் வேண்டாம், மே மாதத்தில் அங்கே பிலிம் வெந்துவிடும். கீழ்த்தளத்தில், வெளிச்சுவரை ஒட்டாத பீரோவில், நடுத்தட்டு. உறைமேல் வருஷத்தையும் ஆட்களின் பெயரையும் பென்சிலால் எழுதுங்கள், ஸ்கேன் கோப்புக்கும் அதே பெயர் வையுங்கள்.